மூடிய சிலையும் ஒரு பாடம்

நிருபர் தொழிலை வகுப்பறையில் கற்றுத்தர முடியுமா? முடியும் என்று நம்பி, 1994இல் பெங்களூரில் ஆசிய இதழியல் கல்லூரியைத் தொடங்கியது இந்தியன் எக்ஸ்பிரஸ் குழுமம். பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் படிப்பு. பயிற்று மொழி ஆங்கிலம். 2000இல் கல்லூரி சென்னைக்கு மாறியது.

அது பெங்களூரில் இருந்த காலம் முழுவதும், அல்சூர் ஏரியருகே வள்ளுவர் சிலை மூடியே கிடந்தது. 1991இல் நிறுவிய சிலை. கன்னட அமைப்புகள் எதிர்த்ததால் திறப்பு விழா நின்றுபோனது. அதே ஆண்டு டிசம்பரில், காவிரி இடைக்கால உத்தரவை ஒட்டி மூண்ட கலவரத்தில் நகரின் தமிழர்கள் தாக்கப்பட்டனர். அப்படிப்பட்ட வேளையில் சரிபார்க்காத ஒரு வரிகூட வதந்திக்குத் தீனியாகிவிடும்.

நேரில் போவது, இரு தரப்பையும் கேட்பது, ஆவணத்தைப் பார்ப்பது, உறுதியான பிறகே எழுதுவது: எந்த முதுநிலைப் படிப்பிலும் அடிப்படைப் பாடம் இதுதான். ஆனால் அல்சூரில் இரு தரப்பையும் கேட்கத் தமிழும் வேண்டும், கன்னடமும் வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் நம்பிப் போகிறவர் பாதிச் செய்தியோடுதான் திரும்புவார்.

18 ஆண்டுகள் கழித்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று எடியூரப்பா முன்னிலையில் கருணாநிதி சிலையைத் திறந்தார். நான்கே நாளில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. தலைவர்கள் இரு மொழிக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள். இதழியல் வகுப்புகளும் கொடுக்கலாம்.