கடைசிப் பாட்டுக்கு உரியவர்

பிங்க் ஃபிளாய்ட் என்னும் ஆங்கிலேய ராக் கோஷ்டியின் இரண்டாவது ஆல்பமான 'ஏ சாஸர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்', 1968ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த நாள் முதலாக, முந்திய தட்டின் புதுமைக்கும் பிந்திய தட்டுகளின் கீர்த்திக்கும் இடையே கிடக்கும் வெறும் பாலமாகவே விமரிசகர் பலரால் கருதப்பட்டு வருகிறது. இது அநியாயமான மதிப்பீடு என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதல் தட்டின் பாடல்களில் பெரும்பாலானவற்றை இயற்றியவரும், கோஷ்டிக்குப் பெயர் சூட்டியவருமான ஸிட் பேரட், எல்.எஸ்.டி. என்னும் போதைமருந்துப் பழக்கத்தாலும் சித்தத் தடுமாற்றத்தாலும், கிட்டாரைத் தோளில் மாட்டியபடியே வாசிக்காமல் மேடையில் நின்றுவிடும் நிலையை அடைந்தபோது, அவருக்கு வயது 21. கேம்பிரிட்ஜில் அவருடைய இளமைத் தோழராயிருந்த டேவிட் கில்மர் துணைக்குச் சேர்க்கப்பட்டார். 1968 ஜனவரியில் ஒரு நாள் ஸௌதாம்ப்டன் கச்சேரிக்குப் புறப்பட்ட தோழர்கள், பேரட்டை அழைத்துக்கொள்ளாமலே போய்விட்டார்கள். அது குற்றமென்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவ்வயதில், அந்த நிர்ப்பந்தத்தில், வேறு வழி கண்டிருப்போமென்று நெஞ்சறியச் சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

பாட்டுக்கு ஆசானை இழந்த அவர்களுக்குக் கைகொடுத்தது, சங்கீதத்துக்குப் புறம்பான ஒரு வித்தை. கோஷ்டியைச் சேர்ந்த ரோஜர் வாட்டர்ஸும் நிக் மேஸனும் லண்டனில் கட்டடக்கலை பயின்றவர்கள். ஆல்பத்தின் பெயரையே தாங்கி ஏறத்தாழ 12 நிமிஷம் நீளும் உருப்படியை, ஸ்வரக் குறிப்பாக எழுதாமல், கட்டடத்துக்குப் படம் போடுவதுபோல் ஏற்றமும் இறக்கமுமாகக் காகிதத்தில் வரைந்துகொண்டார்கள். திசை தெரியாத ஓசைகளில் தொடங்கி, ஒரே தாளத்தை ஓயாது சுழற்றும் டிரம்ஸின்மீது பியானோவும் கிட்டாரும் மோதிக் கலங்கி, முடிவில் ரிச்சர்ட் ரைட்டின் ஆர்கனும் சொல்லற்ற மனிதக் குரல்களும் பிரார்த்தனைபோல் எழுந்து அடங்கும் அந்த அமைப்பில், பின்னால் இக்கோஷ்டி எழுப்பிய மாளிகைகளுக்கெல்லாம் அஸ்திவாரம் இருக்கிறது. மற்றப் பாடல்கள் சில மெலிந்தவையே. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால், விலக்கப்பட்டவரின் குரலை அவர்கள் தட்டிலிருந்து விலக்கவில்லை என்பதை யாரும் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை. பேரட் பாடி 1967 அக்டோபரில் பதிவான 'ஜக்பாண்ட் புளூஸ்' என்ற பாட்டை, ஏழு உருப்படிகளுள் ஏழாவதாக, எல்லாவற்றுக்கும் பின்னால் கேட்கும்படி வைத்தார்கள். அதில் வரும் சால்வேஷன் ஆர்மி பாண்டுக்காரர்களின் முழக்கம் ஓய்ந்தபின், ஒற்றைக் கிட்டாரோடு தனித்து வரும் அவருடைய குரல் ஏதோ ஒரு கேள்வியைக் கேட்கிறது. பதிலுக்கு ஒருவரும் பாடவில்லை, தட்டும் அத்துடன் நின்றுவிடுகிறது.