மந்தாரத் தலைவலியும் மருந்துத் தலைவலியும்

டி. கல்லுப்பட்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் மானாவாரியில் மக்காச்சோளம் போட்டிருக்கிறார். மந்தாரம் போட்டாலே தலை வலிக்கிறதாம். கதிர் அடிக்கும் நாட்களில் தும்மலோடு நெற்றியும் கன்னமும் கனக்கின்றன. பூச்சிமருந்து அடித்த மாலையிலும் தலைவலிதான். எல்லாம் சைனஸ் என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுகிறார். இதற்கு நல்ல வைத்தியம் கேட்டிருக்கிறார்.

மூன்றும் ஒரே தலைவலி இல்லை.

சைனஸ் என்று சொல்லத்தக்கது கதிர் அடிக்கும்போது வருவதுதான். நெற்றி, கன்ன எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகள் சிறு துவாரங்கள் வழியாக மூக்கில் திறக்கின்றன. தூசியால் சவ்வு வீங்கித் துவாரம் அடைத்தால் சளி உள்ளேயே தங்கிவிடும். குனிந்தால் முகம் கனக்கும். ஆவி பிடித்தால் அடைப்பு இளகும். நொச்சி இலை போட்டால் மணம் சுகமாக இருக்கும், ஆனால் வேலை செய்வது ஆவிதான். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது இன்னும் நல்லது. கொதிக்க வைத்து ஆறிய நீராக இருக்க வேண்டும். கிணற்று நீரும் கண்மாய் நீரும் அப்படியே ஆகாது. மூக்கடைப்புச் சொட்டுமருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அடைப்பு கூடவே செய்யும். பத்து நாளாகியும் குறையாவிட்டால் மருத்துவரைப் பார்க்கலாம்; கடுங்காய்ச்சலோ கண்ணைச் சுற்றி வீக்கமோ வந்தால் அன்றே போக வேண்டும்.

மந்தார நாளில் மூக்கடைப்பே இல்லாமல் ஒரு பக்கம் தெறித்து, குமட்டி, வெளிச்சம் ஆகாமல் போனால் அது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி. மழைக்கு முன் காற்றழுத்தம் இறங்குவது சிலருக்கு அதைக் கிளப்பிவிடும். ஆவி அதற்கு உதவாது. தனி மாத்திரை உண்டு.

கவலைப்பட வேண்டியது மூன்றாவது வலி. 2018இல் படைப்புழு வந்த பிறகு மக்காச்சோளத்துக்குத் தெளிப்பு கூடிவிட்டது. ஆள் உயரப் பயிருக்குள் அடிக்கும்போது சாரல் நேரே முகத்தில்தான் விழும். குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் போன்றவை நரம்பைத் தாக்குபவை. அவற்றின் நச்சு முதலில் தலைவலி, கிறுகிறுப்பாகத்தான் தெரியும்; பிறகு வாந்தி, வியர்வை, வாயில் நீர் ஊறுதல், பார்வை மங்கல், நெஞ்சு இறுக்கம். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

மூக்கில் கட்டும் துண்டு தூசிக்கு ஓரளவு உதவும். தெளிப்பில் நனைந்த துண்டோ மருந்தை மூக்கோடு ஒட்டி வைத்திருக்கும். அந்த உடுப்போடே படுத்தால் மருந்து தோல் வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். மருந்தடித்த அன்று தலை வலித்தால் தைலத்தைத் தேட வேண்டாம். வேலையை நிறுத்தி, உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்து, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தனியாக வண்டி ஓட்டிப் போகக் கூடாது, 108ஐ அழைக்கலாம்.