ஃபார்மட் போடுவதற்கு முன்னால்...

இங்கே திருவனந்தபுரத்தில் இருக்கும் நம்மாட்கள் பலர் வீட்டில் ஒரு அசெம்பிள்டு பொட்டி இன்னும் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. ஊர்க் கல்யாண ஃபோட்டோ, தாத்தா பேசிய வீடியோ எல்லாம் அதில்தான். அது திடீரென்று நீலத்திரை காட்டினால் கடையில் சொல்லும் ஒரே மருந்து: "வைரஸாணு சாரே, ஃபார்மட் செய்யாம்!"

அந்த மருந்தை முதலில் கொடுப்பது தப்பு என்பது என் கட்சி. மெமரியைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

நான் பொட்டி தட்டும் ஆசாமி இல்லை. படிச்சது பி.காம்., வேலை பேங்கில். அதனால் கணக்குப் பாஷையிலேயே சொல்கிறேன். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. பற்றில் 100 ரூபாய் கூட, வரவிலும் 100 ரூபாய் கூட விழுந்தால் ஒரு தப்பு இன்னொன்றை மறைத்துவிடும். ரேமும் அப்படித்தான். 0 இருக்கவேண்டிய பிட்டில் 1 வந்தால் சில சமயம் பொட்டி நின்றுவிடும். நின்றால் நம் பாக்கியம்! நிற்காமல் ஓடிக்கொண்டே தப்பாக எழுதுவதுதான் ஆபத்து. பேக்கப் எடுக்கும்போதே கெட்ட பிரதி பத்திரமாகப் போய்ச் சேரும்.

2003 மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலாக வந்தது. 4096 என்பது 2-ன் 12-ஆம் அடுக்கு. அதாவது ஒரே ஒரு பிட் புரண்ட கணக்கு! விழவே முடியாத எண்ணிக்கை என்பதால் மாட்டியது. சின்ன பிட் புரண்டிருந்தால் யாருக்குத் தெரியும்?

சர்வர்களில் ஈசிசி மெமரி இருக்கும். 64 பிட்டுக்கு 8 பிட் காவல். நம் பேங்கில் ஒருவர் போட்ட என்ட்ரியை இன்னொருவர் சரிபார்ப்பது மாதிரி. கூகுள் சர்வர்களை வைத்து 2009-ல் வந்த ஆய்வில், ஓராண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மெஷின் மெமரி பிழை காட்டியது. நம் வீட்டுப் பொட்டிகள் பெரும்பாலானவற்றில் அந்தக் காவலே கிடையாது.

லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸுக்கே 2022-ல் வீட்டு டெஸ்க்டாப்பில் ஒரு ரேம் போனது. அவரும் முதலில் சந்தேகப்பட்டது மென்பொருளைத்தான். அப்புறம் நாமெல்லாம் எம்மாத்திரம் :-)

எப்படிச் சோதிப்பது? மெம்டெஸ்ட்86+ இலவசம். வேறொரு கணினியில் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பொட்டியைத் துவக்கி, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில்தான். பேங்கில் ஒரு ரூபாய் வித்தியாசத்தை விட்டுவிடுகிறோமா? பிழை வந்தால் பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். இப்போது வரவில்லையா, வேகம்தான் வில்லன். இன்னும் வருகிறதா? பிளக்கைப் பிடுங்கி, ரேமின் தங்கநிறக் காலை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். இடவப்பாதி ஈரத்தில் அழுக்கு படிந்திருந்தால் இதிலேயே சரியாகிவிடும். பிழை ரேமோடு போனால் ரேம், ஸ்லாட்டோடு நின்றால் மதர்போர்டு. பல பிராண்டு ரேம்களுக்கு நீண்டகால வாரண்டி உண்டு, பில்லைத் தேடுங்கள்.

"ஃபார்மட் போட்டால் சரியாகுதே சார்" என்பீர்கள். கெட்ட இடத்தில் வேறு ஏதோ வந்து உட்காரும், நாலு நாள் அமைதியாக இருக்கும். அவ்வளவுதான். கெட்ட ரேமில் போட்ட விண்டோஸே கோணலாக ஏறியிருக்கலாம்.

ஆகவே மெமரி தேறும்வரை ஃபார்மட்டும் வேண்டாம், அந்தப் பொட்டியில் பேக்கப்பும் வேண்டாம். அவசரமென்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு பொட்டியில் மாட்டிப் பிரதி எடுங்கள். விண்டோஸ் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். தாத்தாவை மறுபடி பேசச் சொல்ல முடியாதே.

என்ன நான் சொல்றது?