எல்லோரும் பத்திரப்படுத்திய அட்டைகள்

சென்ற மாதம் நமது கிளையின் பெட்டக அறைக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வேலை முடிந்ததும் நம் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். அவருடைய மகன் அமெரிக்காவில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருக்கிறார். முந்தைய உரிமையாளர் பரணிலேயே விட்டுச்சென்ற அட்டைப் பெட்டிகள் 18. உள்ளே இருப்பவை 1990, 1991 ஆம் ஆண்டுகளில் அச்சான பேஸ்பால் அட்டைகள். சில பெட்டிகளின் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. "சார், இப்படி ஓர் அட்டை நூறு கோடி ரூபாய்க்கு ஏலம் போனதாகப் படித்தேன். இவற்றை விற்றால் மகனின் வீட்டுக்கடன் அடைந்துவிடுமா?" என்று கேட்டார்.

அவர் படித்த செய்தி உண்மையே. மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் படம் தாங்கிய, 1952 இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அட்டை, 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. ஆனால் அந்த விலையின் காரணத்தை அறிந்தால், பரணில் கிடந்த பெட்டிகளின் கதி தானே விளங்கிவிடும்.

டாப்ஸ் அன்று சூயிங்கம் விற்ற நிறுவனம். கம்முடன் சேர்த்துக் கொடுத்த அட்டைகளைச் சிறுவர்கள் மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளில் செருகி ஓசை எழுப்பினர். வீட்டைச் சுத்தம் செய்த தாய்மார்கள் குப்பையில் போட்டனர். 1952 இல் விற்காமல் தேங்கியவற்றை நிறுவனமே பிற்பாடு படகிலேற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டது. யாரும் மதிக்காததால் அழிந்தன. அழிந்ததால் எஞ்சியவற்றுக்கு மதிப்பு வந்தது.

இந்தப் பாடத்தை 1980களின் அமெரிக்கர்கள் பாதி மட்டுமே கற்றனர். பழைய அட்டைகள் விலையேறுவதைக் கண்டு, புதிய அட்டைகளை வாங்கிப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பூட்டி வைக்கத் தொடங்கினர். பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு என்று சொல்லியே பெட்டி பெட்டியாக வாங்கிய தந்தையர் உண்டு. தேவை பெருகியதும் அச்சகங்கள் ஓயவில்லை. நெடுங்காலம் டாப்ஸ் மட்டுமே ஆண்ட சந்தையில் 1981 இல் ஃப்ளீரும் டான்ரஸும், 1988 இல் ஸ்கோரும், 1989 இல் அப்பர் டெக்கும் நுழைந்தன. எத்தனை அச்சிட்டோம் என்று எவரும் விளம்பரப்படுத்தவில்லை. அந்த 1989 ஆம் ஆண்டு வரிசையின் முதல் அட்டை, கென் கிரிஃபி ஜூனியர் என்ற இளம் வீரருடையது. அந்தத் தலைமுறையின் மிகப் புகழ்பெற்ற அட்டையும் அதுவே. தர மதிப்பீட்டு நிறுவனங்களிடம் இதுவரை சென்ற அதன் பிரதிகள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். சேகரிப்பாளர்கள் இன்று அந்தக் காலத்து அட்டைகளைக் குப்பைக்காகிதம் என்றே கேலியாக அழைக்கின்றனர்.

வங்கியாளர் என்ற முறையில் நம்மை மிகவும் உறுத்துவது அச்சுப் பெருக்கம் அன்று, விலைப்பட்டியல். மாதந்தோறும் வெளியான விலைப்பட்டியல் இதழ் ஒன்றைப் பலர் தங்கள் பாஸ்புக்கைப் போலப் படித்தனர். சென்ற மாதம் 8 டாலர், இந்த மாதம் 10 டாலர் என்று கூட்டிக்கொண்டனர். ஆனால் பாஸ்புக்கில் உள்ள தொகையைக் கவுன்டரில் கேட்டால் கொடுப்பதற்கு வங்கி கடமைப்பட்டிருக்கிறது. விலைப்பட்டியலில் உள்ள தொகையைக் கொடுப்பதற்கு எவரும் கடமைப்படவில்லை. கடைக்காரரிடம் எடுத்துச் சென்றபோது பட்டியல் விலையில் பாதி கிடைத்தாலே பெரிது என்று அறிந்தார்கள். 1994 ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, அவ்வாண்டின் உலகத் தொடர் இறுதிப் போட்டிகளே ரத்தாயின. கோபமுற்ற ரசிகர்கள் விலகினர். முன்பே தளர்ந்திருந்த அட்டைச் சந்தை அதன்பின் மேலும் சரிந்தது.

அப்படியானால் அந்த ஆண்டுகளில் மதிப்புள்ள அட்டையே இல்லையா? இருக்கின்றன, அவற்றைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1990 டாப்ஸ் வரிசையின் 414 ஆம் எண், ஃபிராங்க் தாமஸ் அட்டை. அச்சுப் பிழையால் சில பிரதிகளில் மட்டும் முன்பக்கத்தில் அவர் பெயர் விழவில்லை. பெயருள்ளது சில்லறைக் காசு. பெயரில்லாதது ஆயிரக்கணக்கான டாலர். 1991 இல் வளைகுடாப் போரின்போது பாலைவனத்திலிருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குத் தங்க நிற முத்திரையிட்டு அனுப்பிய டாப்ஸ் அட்டைகள் இன்னொரு வகை. மணலிலும் வெயிலிலும் எத்தனை பிழைத்திருக்கும்! மூன்றாவது, 1993 இல் அப்பர் டெக்கின் எஸ்.பி. வரிசையில் வந்த டெரெக் ஜீட்டர் அட்டை. அதன் பளபளப்பான மேற்பூச்சு, உறையிலிருந்து எடுக்கும்போதே ஓரங்களில் உரிந்துவிடும். எனவே பத்துக்குப் பத்து தரம் பெற்ற பிரதிகள் மிகச் சில; அவை லட்சக்கணக்கான டாலருக்கு விற்றிருக்கின்றன. பிழை, போர், பலவீனமான மேற்பூச்சு: இம்மூன்றில் எதையும் பெட்டி வாங்கிய எந்தத் தந்தையும் திட்டமிட்டிருக்க முடியாது.

சேகரிப்பதை நாம் குறை கூறவில்லை. நாமும் தபால்தலை ஒட்டியவர்களே. ஆனால் அதைச் சேமிப்பு என்று பெயரிட்டு, பிள்ளையின் படிப்புக்கோ முதுமைக்கோ ஒதுக்கிய பணத்தை அதில் போடுவதை நாம் ஏற்பதற்கில்லை. நகைக்கடன் எளிதாகக் கிடைப்பது தங்கத்துக்கு நாள்தோறும் விலை உண்டு, எடை உண்டு, எந்த ஊரிலும் வாங்குவோர் உண்டு என்பதால். அட்டைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. நம் நாட்டிலும் பழைய நாணயத்துக்கும் நோட்டுக்கும் லட்சங்கள் தருவதாக ஆசை காட்டி முன்பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி தன் பெயரையே பயன்படுத்தும் அத்தகையோர் குறித்து 2021 இல் பொதுமக்களை எச்சரிக்க நேர்ந்தது.

ஆசிரியரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. வீட்டுக்கடன் தவணையை வழக்கம்போல் கட்டிவரச் சொல்லுங்கள். பெட்டிகளை அங்குள்ள அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். ஒவ்வோர் அட்டையையும் தரமிட அனுப்பினால் அந்தக் கட்டணமே அட்டையின் விலையைப் போலப் பல மடங்காகும் என்று மட்டும் கூறினோம். 414 ஆம் எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதியும் கொடுத்தோம்.

இந்த வாரம் ஓய்வூதியம் எடுக்க வந்தபோது அவரே விவரம் சொன்னார். பேரன் பள்ளி விட்டு வந்ததும் பெட்டிகளைக் கொட்டித் தேடுகிறானாம். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய சூயிங்கம் சில அட்டைகளோடு ஒட்டிக் கல்லாகக் கிடக்கிறதாம். ஃபிராங்க் தாமஸ் இதுவரை பதினொரு முறை கிடைத்திருக்கிறார். பதினொன்றிலும் பெயர் தெளிவாக இருக்கிறது.