இலவச உணவகத்தில் யார் வாடிக்கையாளர்?

மாலையில் வியாபாரம் மந்தமானால் கடைப் பையன்களின் கையில் ஓர் உணவகம் திறந்துவிடுகிறது. கைத்தொலைபேசியில் சமைத்து, மேசைக்குப் பரிமாறி, காசு சேர்க்கும் விளையாட்டு அது. பையன்கள் மட்டுமல்ல, லாச்சிக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் முதலாளிமாரில் சிலரும் விளையாடுகிறார்கள். விளையாட்டுத்தானே என்று ஒதுக்காமல், இதை ஒரு வியாபாரமாகவே நாம் பார்க்க வேண்டும்.

இதன் கவர்ச்சி விளங்கக்கூடியதே. உண்மையான ஹோட்டலில் காஸ் விலை ஏறும், சமையற்காரர் சொல்லாமல் லீவு எடுப்பார், கடன் கொப்பி நிரம்பும். விளையாட்டில் இவை எதுவும் இல்லை. வாடிக்கையாளருக்கு இன்னும் எவ்வளவு பொறுமை மிச்சம் என்பதைக்கூட அவர் பக்கத்தில் ஓர் அடையாளம் காட்டிவிடும். விரைந்து கொடுத்தால் கைமேல் காசு. அப்படியொரு கடைக்கு யார்தான் ஆசைப்படமாட்டார்?

2004இல் வெளிவந்த 'டைனர் டாஷ்' என்ற கணினி விளையாட்டு இந்த வகையைப் பிரபலமாக்கியது. அன்று சிறிது நேரம் விளையாடிப் பார்த்து, பிடித்தால் விலை கொடுத்து வாங்கினார்கள். பேரம் அத்தோடு முடிந்தது. இன்று பெரும்பாலானவை இலவசம். 2014இல் லித்துவேனியாவின் நோர்ட்கரண்ட் நிறுவனம் வெளியிட்ட 'குக்கிங் பீவர்' போன்றவற்றைத் தரவிறக்கம் செய்ய ஒரு சதமும் தேவையில்லை.

அப்படியானால் வருமானம் எங்கிருந்து? முதல் சில கட்டங்கள் இலகுவாக ஓடும். பிறகு அடுப்பைத் தரமுயர்த்தச் சேர்த்த நாணயம் போதாது, இரத்தினக்கல் வேண்டும் என்பார்கள். அல்லது மணிக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். அவசரமென்றால் 30 செக்கன் விளம்பரம் பார்க்க வேண்டும். அதற்கும் பொறுமையில்லாவிட்டால் உண்மையான காசு. நாம் பார்க்கும் விளம்பரத்துக்கு விளம்பரதாரர் விளையாட்டு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறார். 20 விளம்பரம் பார்த்தால் 10 நிமிடம் போய்விட்டது. டேட்டாவும் நமது ரீலோட்டில்தான் கழிகிறது. பரிமாறுபவர் நாம்தான், ஆனால் பொறுமை அளக்கப்படும் வாடிக்கையாளரும் நாமே.

விளம்பரம் போடுவதில் பிழையில்லை. பத்திரிகையும் வானொலியும் அதனால்தான் நடக்கின்றன. தடையைத் தாமே உண்டாக்கி, அதை நீக்குவதையும் தாமே விற்பதுதான் பிழை. அரிசியைப் பதுக்கி வைத்துக்கொண்டு தட்டுப்பாடு என்பவரை நாம் என்ன பெயரால் அழைக்கிறோம்?

பிள்ளைகளின் கைக்குப் போனால் நட்டம் இன்னும் பெரிது. பெற்றோரின் சம்மதமின்றிப் பிள்ளைகள் செயலிகளுக்குள் வாங்கியவற்றுக்காக, குறைந்தது 32.5 மில்லியன் டொலரைத் திருப்பிக் கொடுக்க அப்பிள் நிறுவனம் 2014 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவிடம் இணங்கியது. அதே ஆண்டு செப்டெம்பரில் கூகுள் இணங்கிய தொகை குறைந்தது 19 மில்லியன் டொலர்.

ஆகவே, தொலைபேசியைப் பிள்ளையிடம் கொடுக்குமுன் பணம் செலுத்தும் வசதிக்குக் கடவுச்சொல் போட்டு வையுங்கள். கடைக்கு வருபவரின் பொறுமையைக் கவனிக்கும் பழக்கத்தை வேண்டுமானால் இந்த விளையாட்டுகளிடம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பொறுமையைச் சோதித்துக் காசு பார்க்கும் வித்தை நமக்கு வேண்டாம். விளையாட்டில் கோபித்துக்கொண்டு போனவருக்குப் பதிலாக அடுத்த நிமிடம் இன்னொருவர் வந்து நிற்பார். நமது தெருவில் அப்படி வரமாட்டார்கள்.