படிக்கப் போனியா, போராடப் போனியா?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா நாட்றாம்பாளையம். அஞ்செட்டியில இருந்து ஒகேனக்கல் போற காட்டு ரோட்டுல இருக்கு. ஆபீஸ்ல யார் கேட்டாலும் "ஓசூர் பக்கம்"னு சொல்லி முடிச்சிடுவேன். அதுக்கு மேல விளக்கினா டீ ஆறிடும்.

சித்தப்பா பொண்ணு இன்ஜினியரிங் சேர்ந்திருக்கா. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீடு. தனியா கூப்பிட்டு, "அண்ணா, ஹாஸ்டல்ல எல்லாரும் கட்-ஆஃப் எவ்வளவுன்னு கேக்குறாங்க. சொன்னதும் 'ஓ, கோட்டாவா'ங்கறாங்க. எங்களை மாதிரி நாலஞ்சு பேர் சேர்ந்து எழுதிக் கொடுக்கலாம்னு இருக்கோம்"னா.

நான் சொன்ன பதில்: "அதெல்லாம் உனக்கெதுக்கு? படிக்கிற வேலையைப் பாரு."

சொல்லிட்டேனே தவிர, திரும்பி வர்ற பஸ்ஸுல தேன்கனிக்கோட்டை தாண்டியும் மனசு கேக்கல. ஏன்னா 2015-ல நான் காலேஜ் சேர்ந்தப்போ என்கிட்டயும் அதே கேள்வியைத்தான் கேட்டாங்க. அந்தக் கேள்வி மார்க்கைத் தெரிஞ்சுக்க இல்லை மக்களே, சாதியைத் தெரிஞ்சுக்க. நானும் சிரிச்சு மழுப்பிட்டு நாலு வருஷம் ஓட்டிட்டேன்.

அதே 2015 மே மாசம்தான் சென்னை ஐஐடி, அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தோட அங்கீகாரத்தை ரத்து பண்ணுச்சு. காரணம் ஒரு மொட்டைக் கடுதாசி. நாடு முழுக்க மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவிச்ச பிறகு ஜூன்ல திருப்பிக் கொடுத்தாங்க. 2016 ஜனவரியில ஐதராபாத் பல்கலைக்கழகத்துல ரோஹித் வெமுலா. அப்பவும் எங்க வீட்டுல சொன்னது, "படிக்கப் போனவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

சரி, நான் உக்காந்து படிச்ச அந்த சீட்டு எங்கேர்ந்து வந்துச்சு? 1951-ல செண்பகம் துரைராஜன் வழக்குல வகுப்புவாரி ஆணை செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பெரியார் போராட்டம் நடத்தினார், மாணவர்களும் தெருவுக்கு வந்தாங்க. அதே வருஷம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்துச்சு. அன்னிக்கு எல்லாரும் "படிக்கிற வேலையை" மட்டும் பார்த்திருந்தா நான் இன்னிக்கு ஊர்ல ராகி விதைச்சிட்டு இருப்பேன்.

ஆனா சீட்டு பாதிதான். உள்ளே போனப்புறம் மனுஷனா நடத்தப்படறது மீதி பாதி. அமெரிக்காவுல 1957-ல லிட்டில் ராக் பள்ளிக்குள்ள ஒன்பது கறுப்பின மாணவர்கள் ராணுவப் பாதுகாப்போடதான் நுழைஞ்சாங்க. கேட் திறந்தது. ஆனா உள்ளே தினமும் அடி, வசவு. அதை எதிர்த்துக் காட்டின மின்னிஜீன் பிரவுனை 1958-ல பள்ளியை விட்டே அனுப்பிட்டாங்க. நம்ம ஊர்லயும் தோரட் கமிட்டி டெல்லி எய்ம்ஸ் பத்தி 2007-ல கொடுத்த அறிக்கை இதே கதைதான். சீட்டு கிடைச்ச தலித், பழங்குடி மாணவர்கள் ஹாஸ்டல்லயும் மெஸ்லயும் ஒதுக்கப்பட்டதைச் சொல்லுது.

வீட்டுக்காரங்க பயம் பொய்யில்லை. முதல் தலைமுறையா படிக்க வர்ற பிள்ளைக்கு ஒரு சஸ்பென்ஷன் வந்தா குடும்பமே உக்காந்துடும். அதுக்காக வாயை மூடுன்னு சொல்றது தீர்வா? தனியா நிக்கிறவங்களைத்தான் சுலபமா தட்டலாம். நாலு பேர் கையெழுத்து இருந்தா யோசிப்பாங்க. படிச்சு முடிச்சு சம்பளம் வாங்கற நாம பின்னாடி நின்னா இன்னும் யோசிப்பாங்க. நமக்குப் போறதுக்கு டிகிரியா இருக்கு?

நேத்து ராத்திரி அவளுக்கு போன் பண்ணேன். "எழுதிக் கொடும்மா. 2012-லயே யுஜிசி விதி இருக்கு, காலேஜ்ல சம வாய்ப்புப் பிரிவு, பாகுபாடு தடுப்பு அலுவலர் எல்லாம் இருக்கணும். யாருன்னு முதல்ல கேளுங்க. கடிதத்தை எனக்கு அனுப்பு, பார்த்துத் தர்றேன்"னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணா, போன வாரமே குடுத்துட்டோம்"னா.

டிஸ்கி: ஆபீஸ்ல புதுசா சேர்ற பசங்ககிட்ட பேச்சுவாக்குல "கட்-ஆஃப் எவ்வளவு?"ன்னு நானும் கேட்டிருக்கேன். இனிமே இல்லை.