ஷாட் ஷார்ட்டா விழுதா? முதுகைக் கவனிங்க பாஸ்!

ஆவடி பக்கம் எந்த காலேஜ் கோர்ட்டுக்கும் சாயங்காலம் வந்து பாருங்க. பாதிப் பேர் பூந்தமல்லி, அம்பத்தூர்ல இருந்து காலையில பஸ்ல குலுங்கி வந்து, நாள் முழுக்க பெஞ்ச்ல கூன் போட்டு உட்கார்ந்து, மணி அடிச்சதும் ஷூவை மாட்டிக்கிட்டு நேரா லே-அப் போட ஓடறவங்க. வார்ம்-அப்பா? ‘அதுக்கெல்லாம் எங்கடா டைம்!’

எங்க டீம்லயும் ஒருத்தன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சேர்ந்தவன். திடீர்னு அவனோட ஜம்ப் ஷாட் எல்லாம் ரிங்கோட முன்பக்கம் இடிச்சுத் திரும்ப ஆரம்பிச்சது. கை ஆக்‌ஷன் சரியில்லைனு ஆளாளுக்கு அட்வைஸ் பண்ணினோம். தப்பு கையில இல்லீங்க, கீழ் முதுகுல!

பந்து விரல்ல இருந்துதான் கிளம்புது. ஆனா பவர் கால்ல பிறந்து, இடுப்பு, முதுகு வழியா மேலே ஏறி வருது. முதுகு வலிச்சா உடம்பு தன்னைக் காப்பாத்திக்க விறைச்சுக்கும். தாழ்ந்து எழும்ப முடியாது, ஷாட் ஷார்ட். டிஃபென்ஸ்ல குனிஞ்சு நிற்க வேண்டியவர் நிமிர்ந்தே நிற்பார், எதிராளி ஒரே டிரிபிள்ல தாண்டிப் போயிடுவான். ரீபவுண்டுக்கு எகிறி, உடம்பைத் திருப்பிக்கிட்டே சிமென்ட் தரையில இறங்குற அந்த நொடி இருக்கே... அதுதான் உச்சக்கட்டக் கொடுமை.

பாஸ்டன் செல்டிக்ஸ் லேரி பேர்ட் கதை தெரியுமா? 1985 கோடையில, அம்மா வீட்டுக்குப் பாதை போட ஜல்லியை அள்ளிக் கொட்டப்போய் முதுகைக் கெடுத்துக்கிட்டார். அதுக்கப்புறமும் 1986-ல சாம்பியன்ஷிப், எம்.வி.பி. விருதுனு ஜெயிச்சவர்தான். ஆனா போகப் போக உட்காரவே முடியாம, பெஞ்ச் பக்கத்துல தரையில குப்புறப் படுத்துக்கிட்டு மேட்ச் பார்த்தார். 1991-ல ஆபரேஷன். 1992 ஆகஸ்ட்ல பார்சிலோனா ஒலிம்பிக் தங்கம் வாங்கின கையோட ரிட்டயர்டு. வயசு 35.

அவ்ளோ தூரம் எதுக்கு? 1999 சேப்பாக்கம் டெஸ்ட். முதுகைப் பிடிச்சுக்கிட்டே சச்சின் அடிச்ச 136. ஜெயிக்க இன்னும் 17 ரன் இருக்கும்போது தூக்கி அடிச்சு அவுட். பாகிஸ்தான் 12 ரன்ல ஜெயிச்சது.

நம்ம வயசுல ஒரு தனி வில்லன் இருக்கான். திரும்பத் திரும்ப முதுகைப் பின்னால வளைச்சு முறுக்குறதால, கீழ் முதுகெலும்பு வளையத்துல மயிரிழை விரிசல் விழும். ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமக்கூடப் போகலாம். பின்னால வளையும்போது வலி ஜாஸ்தியானா சந்தேகப்படுங்க. குனியும்போது, உட்காரும்போது வலிச்சு, காலுக்கும் இறங்கினா டிஸ்க்கா இருக்கலாம். ரெண்டு காலும் மரத்துப் போனாலோ, யூரின் போக முடியலைனாலோ பிராக்டீஸ் இல்லை... நேரா ஆஸ்பத்திரி!

விரிசலுக்கு வைத்தியம் பெரும்பாலும் ஓய்வுதான், மாசக் கணக்குல. அப்புறம் வயிறு, இடுப்புத் தசைக்கான பயிற்சி. நிறையப் பேர் திரும்ப ஆட வந்திருக்காங்க. ஆனா அந்த மாசக் கணக்குதான் நம்மாளுக்குப் பயம். டீம்ல இடம் போயிட்டா கோட்டா சீட்டுக்கு என்ன பதில்? அதனால மாத்திரையைப் போட்டுக்கிட்டு, கோச்கிட்ட வாயே திறக்காம ஆடியிருக்கான். பஸ்ல சீட் கிடைச்சும் உட்காராம கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வந்தப்போ, ‘சீன் போடறான்’னு கலாய்ச்சது நாங்கதான்.

போன வாரம் ஒருவழியா ஸ்கேன் எடுத்தாச்சு. விரிசல்தான். கோச்கிட்ட நாங்க நாலு பேர் கூடப் போய்ச் சொன்னோம். வீட்டுல மட்டும் இன்னும் சொல்லலையாம்.